முதல் தடவை ஐரோப்பிய ஆற்றுக் கப்பலில் போகிறீர்களா? டிப்ஸையும் காசையும் சமாளிப்பது எப்படி

டான்யூபிலோ ரைனிலோ ஒரு வாரம் கப்பலில் போக பணம் கட்டியாகிவிட்டது, விசாவும் வந்துவிட்டது. அப்புறம் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "கப்பல்ல யாருக்கு எவ்வளவு டிப்ஸ் கொடுக்கணும்?" என்பதுதான். என்னைக் கேட்டால் கவலைப்பட வேண்டிய இடம் அது இல்லை. டிப்ஸ் எவ்வளவு என்று கிளம்புவதற்கு முன்பே தெரிந்துவிடும், எடுத்துத் தனியாக வைத்துவிடலாம். நமக்கே தெரியாமல் பணம் ஒழுகுவது வேறு இடங்களில்: கார்டு மெஷினில் தவறான பட்டனை அழுத்தும்போது, சுற்றுலாத் தெருவில் நிற்கிற ஏடிஎம்மில், நாடு மாறும்போது கையில் மிஞ்சிப்போகிற நோட்டில்.

உதாரணத்துக்கு ஜெர்மனியின் பாஸாவில் ஏறி, ஆஸ்திரியாவில் மெல்க், டுயர்ன்ஸ்டைன், வியன்னா பார்த்து, ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா வழியாக ஹங்கேரியின் புடாபெஸ்டில் இறங்குகிற 7 இரவுப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். முதல் தடவை போகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பாதையையோ, ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாசல் வரைக்குமான ரைன் பாதையையோதான் எடுக்கிறார்கள்.

படி 1: புக்கிங் தாளில் டிப்ஸ் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

சீனிக், யூனிவேர்ல்ட், டாக் மாதிரி விலை கூடிய கம்பெனிகள் டிக்கெட்டிலேயே டிப்ஸைச் சேர்த்துவிடுகின்றன. வேறு பல கம்பெனிகள் "ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு" என்று பரிந்துரை மட்டும் செய்யும். ஒரே கம்பெனிகூட ஒரு நாட்டில் விற்கும்போது சேர்த்தும், இன்னொரு நாட்டில் சேர்க்காமலும் விற்பது உண்டு, அதனால் யூடியூபில் ஒரு அமெரிக்கர் சொன்னதை நம்பி முடிவு செய்யாதீர்கள், உங்கள் தாளைப் பாருங்கள். நம் ஊர் டிராவல் ஏஜென்ட் மூலம் குழுவாகப் போகிறீர்கள் என்றால் டிப்ஸ் என்று ஏற்கெனவே ஒரு தொகை வாங்கியிருக்கலாம். அது கப்பல் ஊழியர்களுக்கா, கூடவரும் டூர் மேனேஜருக்கா, இரண்டுக்கும் சேர்த்தா என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு தடவை கொடுத்துவிட்டு வருகிறவர்கள் நிறைய.

படி 2: தொகையைக் கணக்குப் போட்டுத் தனிக் கவரில் வையுங்கள்

சேர்க்கப்படவில்லை என்றால் பரிந்துரை பொதுவாக ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 20 யூரோ வரைக்கும் இருக்கும். 12 என்று வைத்தால், கணவன் மனைவி இரண்டு பேருக்கு 7 இரவுக்கு 12 × 2 × 7, அதாவது 168 யூரோ. குரூஸ் மேனேஜர் என்று ஒருவர் இருப்பார், தினமும் சாயங்காலம் மைக்கைப் பிடித்து மறுநாள் நிகழ்ச்சியைச் சொல்கிறவர். சில கம்பெனிகளில் அவருக்கான டிப்ஸ் தனிக் கணக்கு. அதையும் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரையில் கூட்டிப்போகிற உள்ளூர் வழிகாட்டி கப்பல் ஊழியர் இல்லை, அவருக்குத் தனி. அரை நாள் நடைச் சுற்றுக்கு ஆளுக்கு 2 யூரோ கொடுத்தால் கௌரவமான தொகை, ரொம்பப் பிடித்திருந்தால் 5. பஸ் டிரைவருக்கு 1 யூரோ. ஐந்து சுற்று போவீர்கள் என்று வைத்தால் இரண்டு பேருக்கு 30 யூரோவில் முடிந்துவிடும்.

படி 3: எந்த ஊரில் எந்தக் காசு

ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா மூன்றும் யூரோ. ஹங்கேரி ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே ஃபோரின்ட்தான். புடாபெஸ்டில் சுற்றுலாக் கடைகள் யூரோ வாங்கும், ஆனால் விகிதம் அவர்கள் வைத்ததுதான், பாக்கியும் ஃபோரின்ட்டில்தான் வரும். கப்பல் பிராகுடன் சேர்ந்த பேக்கேஜ் என்றால் செக் நாட்டில் கொருனா. ரைன் பாதையில் கடைசி ஊரான பாசல் சுவிட்சர்லாந்து, அங்கே ஃபிராங்க். கிழக்கே இன்னும் கீழே போகிற கப்பல் என்றால் குரோவேஷியா 2023-லிருந்து யூரோ, பல்கேரியா 2026-லிருந்து யூரோ, நடுவில் செர்பியா தினார், ருமேனியா லியூ. பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் குரோவேஷியாவுக்குக் குனா, பல்கேரியாவுக்கு லெவ் என்று பழைய காசு இருந்தால் அதை நம்பி மாற்றிவிடாதீர்கள்.

ஃபோரின்ட்டை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போகத் தேவையே இல்லை. புடாபெஸ்டில் மெட்ரோ, டாக்ஸி, மார்க்கெட் ஹால் கடைகள் என்று பெரும்பாலும் கார்டிலேயே சமாளிக்கலாம்.

படி 4: கிளம்புவதற்கு முன் கார்டு வேலைகள்

இந்தியாவில் 2020-க்கு அப்புறம் வந்த கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது. வங்கி ஆப்பில் போய் கடைப் பயன்பாடு, ஏடிஎம், தொட்டுப் பணம் கட்டும் வசதி எல்லாவற்றையும் தனித்தனியாகத் திறந்து, வரம்பும் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு செய்தால் இது ஐந்து நிமிட வேலை. கப்பல் வைஃபையில், அதுவும் ஓடிபி வராத சிம்மை வைத்துக்கொண்டு செய்வது நரகம்.

அடுத்து உங்கள் கிரெடிட் கார்டின் மார்க்-அப்பைப் பாருங்கள், அதாவது வெளிநாட்டுக் காசில் செலவு செய்தால் வங்கி மேலே போடுகிற கட்டணம். சாதாரண கார்டில் 3.5 சதவீதம் என்றால், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம். கப்பல் பில்லும் கடைச் செலவும் சேர்ந்து 500 யூரோ வந்தால் இதிலேயே 20 யூரோவுக்கு மேல் போய்விடும். ஐந்து சுற்றிலும் வழிகாட்டிகளுக்கு இரண்டு பேரும் சேர்ந்து கொடுக்கிற 20 யூரோவைப் பற்றி ஒரு வாரம் வீட்டில் விவாதம் நடக்கும், இந்த 20 யூரோவை யாரும் கவனிக்க மாட்டார்கள். மார்க்-அப் இல்லாத கார்டு ஒன்று, இல்லையென்றால் யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். யூரோ கார்டை ஹங்கேரியில் தேய்த்தால் யூரோவிலிருந்து ஃபோரின்ட்டுக்கு மாற்றுகிற கட்டணம் வரலாம், அதனால் புடாபெஸ்டுக்கு மார்க்-அப் இல்லாத கார்டு மேல்.

ரொக்கம் எவ்வளவு? டிப்ஸ் 168, வழிகாட்டி வகையில் 30, கைச்செலவு 150, சுமார் 350 யூரோ போதும். முக்கியமான விஷயம், மணி சேஞ்சரிடம் 5, 10, 20 நோட்டாகக் கேளுங்கள். அவர்கள் 50-ம் 100-மாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், இரண்டு நாள் முன்னாடியே சொல்லி வைத்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

படி 5: கப்பலில் ஏறியதும்

ரிசப்ஷனில் கார்டைப் பதிவு செய்வார்கள், அப்புறம் ஒரு வாரத்துக்குக் கப்பலுக்குள் பர்ஸே வேண்டாம். பார், ஸ்பா, கூடுதல் சுற்றுலா எல்லாம் கேபின் எண்ணில் ஏறிக்கொண்டே போகும். பல கப்பல்களில் மதியம், இரவுச் சாப்பாட்டோடு வருகிற பியரும் ஒயினும் இலவசம், மற்ற நேரத்தில் பாரில் குடித்தால் காசு. ஒவ்வொரு கிளாஸுக்கும் டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை, அறை சுத்தம் செய்கிறவருக்குத் தினமும் வைக்கவும் வேண்டாம். பொது டிப்ஸ் எல்லாம் ஒரே பெட்டியில் சேர்ந்து, நம் கண்ணில் படாத சமையல்கட்டு ஆட்கள், துணி துவைப்பவர்கள் வரைக்கும் பிரித்துக் கொடுக்கப்படுவதுதான் வழக்கம்.

முதல் நாளே ரிசப்ஷனில் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். டிப்ஸைக் கேபின் கணக்கிலேயே ஏற்றி கார்டில் கட்டலாமா? பெரிய நோட்டுக்குச் சில்லறை கிடைக்குமா? சில்லறையைக் கடைசி நாள் கேட்டால் கிடைக்காது, ஏனென்றால் அன்றைக்கு எல்லோரும் அதைத்தான் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

சேவையில் குறை இருந்தால் மனதில் வைத்துக்கொண்டு கடைசியில் டிப்ஸைக் குறைப்பதில் அர்த்தமில்லை, அது பாத்திரம் கழுவுகிறவரின் பங்கிலும் குறையும். இரண்டாம் நாளே கப்பலில் இருக்கிற ஹோட்டல் மேனேஜரிடம் சொல்லுங்கள்.

படி 6: கரையில் இறங்கினால்

எப்போதும் ஒன்றிரண்டு யூரோ நாணயங்களும் 50 சென்ட்டும் பையில் இருக்கட்டும். பொதுக் கழிப்பறைக்கு 50 சென்ட் முதல் 1 யூரோ. ஜெர்மனியில் சின்னக் கடைகள், பேக்கரிகள் இன்னமும் ரொக்கம் மட்டும் என்று பலகை வைத்திருக்கும், சில இடங்களில் அவர்கள் ஊர் டெபிட் கார்டு மட்டும்தான் ஓடும். டிசம்பரில் போகிறீர்கள் என்றால் கிறிஸ்துமஸ் சந்தையில் சூடான ஒயின் வாங்கும்போது கோப்பைக்கும் சேர்த்து டெபாசிட் வாங்குவார்கள், கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் காசு வரும். தண்ணீர் பாட்டிலும் அப்படித்தான்: ஜெர்மனியிலும், 2025-லிருந்து ஆஸ்திரியாவிலும் பாட்டிலுக்கு 25 சென்ட். ஒரு நாட்டு காலி பாட்டிலை அடுத்த நாட்டில் பாட்டில் திருப்பி வாங்குகிற மெஷின் ஏற்காது. கப்பலிலேயே தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள், இந்தத் தொல்லையே இல்லை.

வியன்னா காபிக் கடையில் டிப்ஸை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வருகிற வழக்கம் இல்லை. வெயிட்டர் பெரிய பர்ஸோடு வந்து நிற்பார், பில் 13.40 என்றால் 20 யூரோ நோட்டைக் கொடுத்து "15" என்று சொல்லுங்கள், 5 யூரோ திருப்பிக் கொடுப்பார். 5 முதல் 10 சதவீதம், அதையும் முழு எண்ணாக்கினால் போதும். கார்டு என்றால் அவர் மெஷினில் தொகையை அடிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். நோட்டை நீட்டும்போதே "தேங்க்யூ" சொன்னால் மிச்சத்தை வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள், ஹங்கேரியில் இது இன்னும் கண்டிப்பு. பாக்கி கைக்கு வந்த பிறகு நன்றி சொல்லிக்கொள்ளலாம். புடாபெஸ்ட் உணவகங்களில் இன்னொன்று: பில்லிலேயே 12, 15 சதவீதம் சர்வீஸ் கட்டணம் சேர்த்திருப்பார்கள், "செர்விஸ்தீய்" (szervizdíj) என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மேலே ஒன்றும் வேண்டாம். பிரான்ஸில், ரைன் பாதையில் ஸ்ட்ராஸ்பூர்கில் இறங்கினால், சர்வீஸ் விலைக்குள்ளேயே அடக்கம்.

(வியன்னா கதீட்ரல் பக்கம் மோட்சார்ட் மாதிரி விக் வைத்துக்கொண்டு கச்சேரி டிக்கெட் விற்கிறவர்கள் சொல்வது முதல் விலைதான், கடைசி விலை இல்லை, அவ்வளவுதான் சொல்வேன்.)

படி 7: கார்டு மெஷின் கேட்கிற கேள்வி

இந்தப் பகுதியை மட்டுமாவது மறக்காதீர்கள். கார்டைத் தட்டியதும் சில மெஷின்கள் "ரூபாயில் கட்டுகிறீர்களா, யூரோவில் கட்டுகிறீர்களா?" என்று கேட்கும். நம் ஊர்ப் பணம் கண்ணில் பட்டதும் கை தானாக அங்கே போகும். போகக்கூடாது. ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தை உங்கள் வங்கிக்குப் பதிலாக அந்த மெஷின்காரர் வைப்பார், அவர் லாபமும் அதில் இருக்கும். எப்போதும் அந்தந்த ஊர்க் காசு: வியன்னாவில் யூரோ, புடாபெஸ்டில் ஃபோரின்ட். வெயிட்டர் உங்களுக்கு உதவுவதாக நினைத்து அவரே ரூபாயை அழுத்திவிடுவதும் நடக்கும், அப்போது ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஏடிஎம்மும் இதே கேள்வியைக் கேட்கும், "இந்த விகிதத்தை ஏற்கிறேன்" என்று பெரிதாக ஒரு பட்டன் வரும். பக்கத்தில் "மாற்றம் இல்லாமல் தொடர்க" என்பது சின்னதாக இருக்கும், அதை அழுத்துங்கள், பணம் வரும். நினைவுப்பொருள் கடை வாசலில் தனியாக நிற்கிற ஏடிஎம்களைத் தவிர்த்து வங்கிக் கட்டடத்தோடு இருக்கிற ஏடிஎம்முக்குப் போங்கள்.

படி 8: கடைசி இரவு

கடைசி நாளுக்கு முன்பே டிப்ஸ் போடுவதற்கான கவர் கேபினுக்கு வந்துவிடும், இல்லையென்றால் ரிசப்ஷனில் இருக்கும். யூரோ நோட்டாகவே போடுங்கள். ஊழியர்கள் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, செர்பியா என்று பல நாட்டுக்காரர்கள், நாணயத்தை அவர்கள் ஊரில் யாரும் மாற்றித் தரமாட்டார்கள். அதே காரணத்துக்காக ரூபாய் நோட்டு வேண்டவே வேண்டாம். சைவம் என்று சொன்னதற்காக ஒருவர் ஒரு வாரமும் தனியாகச் சமைத்துப் போட்டிருந்தால், அவருக்குத் தனியாக 10 யூரோ கையில் கொடுப்பதை நான் தாராளமாக ஆதரிப்பேன்.

ஒரு சிக்கல் வரலாம். ஆற்றில் தண்ணீர் குறைந்தால், 2018 இலையுதிர் காலத்திலும் 2022 கோடையிலும் ரைனில் ஆனது மாதிரி, கப்பல் நடுவழியில் நின்றுவிடும், பயணிகளை பஸ்ஸில் ஏற்றி மேலே நிற்கிற இன்னொரு கப்பலுக்கு மாற்றுவார்கள். அப்போது ஊழியர்களும் வேறு. முதல் கப்பலை விட்டு இறங்கும்போதே அங்கே இருந்த நாட்களுக்கான டிப்ஸைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள், கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று விட்டால் அது யாருக்குப் போகும் என்று உறுதியில்லை.

கதவுக்கடியில் பில் வந்ததும் அன்று ராத்திரியே படித்துவிடுங்கள். குடிக்காத காக்டெயில் இருந்தால் அப்போதே சொன்னால் எடுத்துவிடுவார்கள். காலையில் எல்லோரும் பெட்டியோடு நிற்கிற வரிசையில் அந்தப் பேச்சு நடக்காது.

பெரிதாக ஏதாவது வாங்கியிருந்தால் கட்டிய வரியைத் திரும்ப வாங்கலாம்: ஒரே கடையில் ஜெர்மனியில் 50 யூரோவுக்கு மேல், ஆஸ்திரியாவில் 75-க்கு மேல். பாஸ்போர்ட்டைக் காட்டிக் கடையிலேயே படிவம் வாங்கியிருக்க வேண்டும், பொருளைப் பெட்டியில் போட்டு செக்-இன் செய்வதற்கு முன் விமான நிலைய சுங்கத்தில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். பாசலில் இறங்குகிறவர்கள் கவனம், சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருக்கிறது, சூரிச் விமான நிலையத்தில் போய் ஜெர்மன் பில்லை நீட்டினால் பலனில்லை. மிஞ்சிய ஃபோரின்ட் நாணயத்தை புடாபெஸ்ட் விமான நிலையத்தில் காபிக்கோ சாக்லேட்டுக்கோ கொடுத்துத் தீர்த்துவிடுங்கள், மீதியைக் கார்டில் கட்டிக்கொள்ளலாம்.