பருவ இறுதியில் எழுதும் தன்மதிப்பீட்டுக் கட்டுரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில், முதலாண்டு எழுத்துப் பயிற்சிப் பாடம் முடியும்போது, மாணவர்கள் பருவம் முழுவதும் எழுதியவற்றைத் தொகுத்துக் கொடுப்பதோடு, எழுதுபவராகத் தாம் எவ்வாறு வளர்ந்தோம் என்பதை விளக்கும் கட்டுரை ஒன்றையும் முகப்பில் வைக்க வேண்டும். 1980களில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பயிற்சி ஆசிரியர்களான பீட்டர் எல்போவும் பாட் பெலனாஃபும் ஒரே அமர்வில் எழுதும் தேர்வை விலக்கித் தொகுப்பு முறையைக் கொண்டுவந்தது, இவ்வழக்கம் பரவுவதற்குப் பெரிய தூண்டுதலாக அமைந்தது. ஆகவே இந்த முகப்புக் கட்டுரை வெறும் சம்பிரதாயம் அன்று. வளர்ச்சி நேர்ந்தது என்று வாதிட்டு, தொகுப்பில் உள்ள வரைவுகளையே சான்றாகக் காட்ட வேண்டிய எழுத்து இது.

இதை மறந்துவிடுவதுதான் முதல் தவறு. "இப்பாடம் என் சிந்தனையையே மாற்றியது, தன்னம்பிக்கை கூடியது, பேராசிரியருக்கு நன்றி" என்று ஆண்டுவிழா நன்றியுரைபோல் எழுதிவிடுகிறார்கள். நம் ஊரிலிருந்து செல்லும் மாணவர்கள், ஆசிரியரிடம் காட்டும் மரியாதையாக எண்ணி, இதில் இன்னும் எளிதாக விழுந்துவிடுகிறார்கள். ஆனால் மதிப்பிடுபவர் தேடுவது புகழுரையை அன்று, மாற்றம் நிகழ்ந்த இடத்தை.

இரண்டாவது தவறு ஆழமானது: எழுத்துப்பிழை குறைந்ததையும் சொற்கள் மாறியதையும் வளர்ச்சியென்று கணக்கிடுவது. எழுத்துப் பயிற்சி ஆய்வாளர் நான்சி சாமர்ஸ் 1980இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் திருத்தம் என்றால் பெரும்பாலும் சொல்லை மாற்றுவதாகவே கருதியதையும், தேர்ந்த எழுத்தாளர்களோ தம் வாதத்தின் வடிவத்தைக் கண்டடையத் திருத்தியதையும் காட்டினார். நகர நீர் வழங்கல் பற்றி ஒரு மாணவர் எழுதுவதாகக் கொள்வோம். முதல் வரைவு, "உலகம் தோன்றிய நாள் முதல் மனிதனுக்குத் தண்ணீர் இன்றியமையாதது" என்று தொடங்குகிறது. மூன்றாம் வரைவோ, "2014 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரம் ஆற்றுநீருக்கு மாறியபோது, குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்து அதில் சேர்க்கப்படவில்லை" என்று தொடங்குகிறது. இங்கே மேம்பட்டது நடை மட்டுமல்ல. முதல் வாக்கியத்தை யாராலும் மறுக்க முடியாது, அதனால் அதிலிருந்து எந்தக் கேள்வியும் எழாது; இரண்டாவதைப் படித்தவர், ஏன் சேர்க்கவில்லை, யார் முடிவெடுத்தார்கள் என்று கேட்டே தீர்வார். இரு வாக்கியங்களையும் அருகருகே மேற்கோள் காட்டி, எந்த வாசகர் கருத்து அந்த மாற்றத்தைத் தூண்டியது என்பதையும் சொன்னால், "தெளிவாக எழுதக் கற்றேன்" என்ற வரியே தேவைப்படாது.

தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது, முடிவில் எல்லாம் கைவந்துவிட்டது என்ற கதையும் வேண்டாம். அனுபவமுள்ள எந்த ஆசிரியரும் அதை நம்பமாட்டார். ஒரு பருவத்தில் சான்று காட்டும் திறன் முன்னேறியிருக்கும், எதிர்வாதத்தை நேர்மையாக எடுத்துரைப்பது அப்படியே பின்தங்கியிருக்கும். அந்தக் குறையைத் தொகுப்பிலுள்ள ஒரு பத்தியைச் சுட்டியே சொல்லிவிடுவது மதிப்பெண்ணைக் குறைக்காது என்பது என் எண்ணம். தன் எழுத்தைத் தானே எடைபோடத் தெரிந்தவர் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடைப்பது அரிது.

பழைய வரைவின்மேலேயே எழுதிச் சேமித்துவிட்டு, கடைசி இரவில் நினைவை நம்பி எழுத உட்காருவதும் பரவலான தவறே. கூகுள் டாக்ஸில் எழுதியவர்கள் அதன் பதிப்பு வரலாற்றைத் திறந்தால் முந்தைய வடிவங்களைப் பெரும்பாலும் மீட்டெடுக்கலாம். பிற மென்பொருளில் எழுதுவோர், ஒவ்வொரு வரைவையும் தேதியிட்ட தனிக் கோப்பாக முதல் வாரத்திலிருந்தே வைத்துக்கொள்வது நல்லது.