சிஆர் 0.10-அ தாண்டிடுச்சா? நம்பர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி இத படிங்க

ஏஎச்பி (அனலிட்டிக் ஹைரார்க்கி ப்ராசஸ்) முறையில எது எத எத்தன மடங்கு முக்கியம்னு 1-லேர்ந்து 9 வரைக்கும் நம்பர் போட்டு, ரெண்டு ரெண்டா ஒப்பிட்டு முடிவெடுக்கும்போது, பதில்கள் எவ்வளவு முரண்படுதுன்னு காட்டுற கன்சிஸ்டன்சி ரேஷியோ, அதான் சிஆர், 0.10-க்கு மேல போன உடனே நெறைய பேர் ஷீட்ல எந்த நம்பர மாத்துனா இது எறங்கும்னு தேட ஆரம்பிச்சிடுறாங்க, தயவுசெஞ்சு இத பண்ணாதீங்க. 1970கள்ல தாமஸ் சாட்டி இந்த முறைய கொண்டு வந்தப்ப அந்த எல்லைய வச்சதே நம்ம பதில்கள் ஒண்ணோட ஒண்ணு ரொம்ப முட்டிக்குதான்னு காட்டத்தான், எங்க முட்டுதுன்னு பாக்காம நம்பர மட்டும் சரி பண்ணா வர்ற முடிவு உங்களோடதே இல்ல.

வாடகைக்கு வீடு பாக்குறீங்கன்னு வைங்க. தண்ணி வசதி வாடகைய விட 3 மடங்கு முக்கியம், வாடகை ஆபீஸ் தூரத்த விட 2 மடங்கு முக்கியம்னு சொல்லிட்டீங்க. அப்போ தண்ணிக்கும் தூரத்துக்கும் 3 x 2 = 6 வரணும். நீங்க 2 போட்டா சிஆர் 0.117 கிட்ட வரும், 3 போட்டா 0.046 தான். அதுக்காக 2-அ 3-ஆ மாத்திட்டு போயிடாதீங்க, மூணு பதில்ல எது மேல நம்பிக்க கம்மியோ அத திரும்ப யோசிங்க. பல நேரம் பிரச்சன ஒப்பிடுற விஷயத்துக்கு நீங்க வச்சிருக்க அர்த்தத்துலயே இருக்கும், மொத கேள்வில வாடகைன்னா அட்வான்ஸையும் சேத்து நெனச்சிருப்பீங்க, அடுத்ததுல மாச வாடகைய மட்டும். அத தெளிவா எழுதி வச்சிட்டாலே பாதி முரண் போயிடும்.

சிஆர் 1-அயே தாண்டுதுன்னா மொதல்ல தலகீழா போட்டிருக்கீங்களான்னு பாருங்க, மேல சொன்ன அதே கணக்குல 6-க்கு பதிலா 1/6 விழுந்தா 1.38 கிட்ட காட்டும்.

அப்புறம் எல்லாத்தையும் ஒரே பட்டியல்ல அடைக்கிறது. 5 விஷயம்னா 10 ஒப்பீடு, 7-னா 21, 10 ஆச்சுன்னா 45, அதுல முப்பதாவது கேள்விக்கு வரும்போது யாருக்குமே பொறுமை இருக்காது. 7-க்கு மேல போனா செலவு, வசதி, எடம்னு தலைப்பு போட்டு பிரிச்சிடுங்க.

இன்னொரு பக்கம், சின்ன முரணுக்கு பயப்படவும் வேணாம். 5 மடங்கு, 3 மடங்குன்னு சொன்னா 15 வரணும், ஆனா ஸ்கேல் 9-ஓட முடியுது, 9 போட்டாலும் சிஆர் 0.025 தான். அதே மாதிரி சிஆர் 0 வந்தா பிரமாதம்னும் நெனைக்காதீங்க, யோசிக்காம எல்லாத்துக்கும் 1, அதாவது ரெண்டும் சமம்னு, போட்டாலும் 0 தான் வரும்.

குடும்பமா ஒக்காந்து போடுறீங்கன்னா கூட்டுச் சராசரி (எல்லாத்தையும் கூட்டி ஆள் எண்ணிக்கையால வகுக்குறது) எடுக்காதீங்க, ஒருத்தர் 3, இன்னொருத்தர் 1/3-னு சொன்னா நியாயமா 1 வரணும், ஆனா அதுல 1.67 வந்து ஒரு பக்கம் சாஞ்சிடும், பெருக்குச் சராசரி (ரெண்டு பேர்னா ரெண்டு நம்பரையும் பெருக்கி வர்க்கமூலம்) எடுத்தா சரியா 1 வரும்.