வைக்கல் தின்னுற நாம்பனுக்கு என்சைம் குடுக்கிறது எப்பிடி

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு விக்க எண்டு நாம்பன் கட்டி வளக்கிற ஆக்கள் கிண்ணியா, மூதூர் பக்கம் கனபேர் இருக்கீங்க, அதில சிலபேர் என்சைம் பவுடர (தீன்ல இருக்கிற நார் செமிக்க உதவுற பவுடர்) வாங்கி தண்ணித் தொட்டிக்க கொட்டி விடுறத கண்டன், அப்பிடிச் செஞ்சா காசுதான் கரையும்.

வைக்கல்ல இருக்கிற நார உடைக்கிறது மாட்டுட முதல் வயித்தில இருக்கிற நுண்ணுயிர்தான். செலுலேஸ், சைலனேஸ் எண்ட என்சைம் அதுகளுக்கு ஒரு கை குடுக்கும், அவ்வளவுதான். வெறும் வைக்கல்ல புரதம் 3 இல்லாட்டி 5 வீதம்தான், அந்த நுண்ணுயிர் ஒழுங்கா வேலை செய்ய 7 வீதமாவது வேணும், அதால முதல்ல வயித்துப் பூச்சிக்கு மருந்து குடுத்து, தேங்காப் புண்ணாக்கு, தவிடு, வேலியில நிக்கிற சீமைக்கிளுவை இலை எல்லாம் சேத்துப் போட்டு, தண்ணி தாராளமா வச்சிட்டு அதுக்குப் பிறகு என்சைமுக்கு வாங்க.

வாங்கேக்க பைக்கட்ட வடிவா வாசிங்க. செலுலேஸ், சைலனேஸ் ரெண்டும் இருக்கோணும். கோழித்தீனுக்கு எண்டு வாற பைற்றேஸ் எண்ட என்சைம் மாட்டுக்கு தேவைப்படாது, மாட்டுட வயித்தில இருக்கிற நுண்ணுயிரே அத உண்டாக்குது.

இப்ப கலக்கிற விதம். இதுலதான் எல்லாமே இருக்கு, தீன்ல முதலே பட்டு ஒட்டினாத்தான் என்சைம் நிண்டு வேலை செய்யும். அண்டைக்கு தேவையான வைக்கல மட்டும் ரெண்டு மூண்டு அங்குலமா வெட்டி தறப்பாள்ல பரப்புங்க, பைக்கட்ல போட்ட அளவ பச்சைத்தண்ணியில கரைச்சு (சுடுதண்ணி பட்டா என்சைம் செத்துரும்) பூவாளியால தெளிச்சு புரட்டிப் புரட்டி விட்டு, ஒரு மணித்தியாலமாவது வச்சிட்டுப் போடுங்க. வயலுக்கு மருந்தடிக்கிற டாங்கிய இதுக்கு தொடவே வேணாம். பவுடர் மூக்குக்க போனா இழுப்பு, தும்மல் வரும், மாஸ்க் போடுங்க. முதல் பத்து நாள் பாதி அளவு, பிறகு முழு அளவு. கூடப் போட்டா கூட வளரும் எண்டு நினைக்காதீங்க, அளவு மிஞ்சினா பலன் குறையவும் செய்யும். பைக்கட்ட தகரக் கொட்டிலுக்க வைக்காம வீட்டுக்க குளிர்ச்சியான இடத்தில வைங்க, ஆவணி வெயில் நம்ம ஊர்ல எப்பிடி எண்டு தெரியும்தானே.

சிறுபோகம் வெட்டி வைக்கல் மலிவா கிடைக்கேக்க 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவ 100 லீற்றர் தண்ணியில கரைச்சு தெளிச்சு, காத்துப் போகாம மூடி மூண்டு கிழமை வச்சா அதே வைக்கல் மெதுவாகி புரதமும் ஏறும், என்சைமும் அதில நல்லா பிடிக்கும். ஆறு மாசத்துக்கு குறைஞ்ச கண்டுக்கு இத போடாதீங்க, யூரியா கரைச்ச தண்ணிய மாடு குடிச்சா செத்துப்போகும், அந்த வாளிய கைவிட்டு எங்கயும் வைக்காதீங்க.

பலன் இருக்கா எண்டு கண்ணால பாத்து சொல்லேலாது. ஒரே வயசு நாம்பன்ல பாதிக்கு என்சைம் போட்டும் பாதிக்கு போடாமலும் ஒரே தீன் குடுங்க. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா தையல் டேப்பால நெஞ்சுச் சுற்றளவையும், தோள்ல இருந்து பின்பக்க எலும்பு வரைக்கும் நீளத்தையும் அங்குலத்தில அளந்து, சுற்றளவ சுற்றளவால பெருக்கி, அத நீளத்தால பெருக்கி, 660 ஆல பிரிச்சா கிட்டத்தட்ட கிலோ வரும். சுற்றளவு 60, நீளம் 50 எண்டா 272 கிலோ மாதிரி. ரெண்டு மாசத்தில கூடின நிறைட விலை பைக்கட் காச தாண்டல எண்டா நிப்பாட்டிட்டு அந்தக் காசுக்கு புண்ணாக்கு வாங்கிப் போடுங்க.