பார்டு ஆடுறவங்க பாட்டுலயும் கதையிலயும் பண்ற தப்புகள்

டி அண்ட் டி-ல (Dungeons & Dragons, டேபிளைச் சுத்தி உக்காந்து ஆளுக்கொரு கேரக்டரா டைஸ் உருட்டி ஆடற கதை விளையாட்டு) பார்டு, அதாவது பாட்டாலயே மாயம் பண்ற பாடகன் கேரக்டர், எடுத்தா முதல்ல கை பரபரக்கறது வீட்ல உக்காந்து நீளமா ஒரு பாட்டு எழுதத்தான், நானும் என் முதல் கேம்பெயினுக்கு (பல நாள் தொடர்ந்து ஆடற ஒரு கதை) பதினாறு வரி எழுதிட்டு போய் கோப்ளின்ங்கற குட்டி அரக்கர்களோட சண்டை நடுவுல முழுசா வாசிச்சேன், நாலாவது வரி வர்றதுக்குள்ள பக்கத்துல இருந்தவர் டைஸை அடுக்கி கோபுரம் கட்ட ஆரம்பிச்சிட்டார். பாட்டு மோசமில்ல, வாசிச்ச இடம்தான் தப்பு. சண்டையில ஒரு ரவுண்டுன்னா கதைக்குள்ள 6 செகண்ட்தான், அதுல ரெண்டு வரிக்கு மேல யாரும் பாட முடியாது, பாடினா மத்தவங்க டர்ன் நேரத்தைத்தான் நீங்க எடுத்துக்கறீங்க.

அதுக்காக ஒண்ணுமே சொல்லாம "இன்ஸ்பிரேஷன் குடுக்கறேன், டி6 எடுத்துக்கோ"ன்னு முடிக்கறதும் தப்புதான். இன்ஸ்பிரேஷன்னா பார்டு பாடி கூட்டாளிக்குக் குடுக்கற போனஸ், அவர் தன் உருட்டலோட ஒரு ஆறுமுக டைஸையும் (டி6) சேத்துக்கலாம். 2014-ல வந்த அஞ்சாவது எடிஷன் ரூல்படி 60 அடிக்குள்ள நீங்க பாடறது காதுல விழற ஒருத்தருக்குத்தான் அதைக் குடுக்க முடியும், கரிஸ்மா மாடிஃபையர் (கேரக்டரோட வசீகரத்துக்கான எண்) +3 இருந்தா ஆரம்ப லெவல்ல ரெண்டு லாங் ரெஸ்டுக்கு (கதைக்குள்ள எடுக்கற நீண்ட ஓய்வு) நடுவுல மொத்தமே மூணு தடவை. மூணு தடவைக்கு ரெண்டு ரெண்டு வரி, அவ்வளவுதான் வேலை.

ஆனா அந்த ரெண்டு வரி யாரைப் பத்தினதுங்கறதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. "வீரனே எழு, வெற்றி உனதே"ன்னு பாடினா அது யாருக்கு வேணா பொருந்தும், அதனாலயே யாருக்கும் ஒட்டாது. எங்க டேபிள்ல குள்ளர் ஃபைட்டர் ஒருத்தர் உடைஞ்ச கேடயத்தோட கதவை அடைச்சு நின்னார், அப்போ வந்தது இது:

கேடயம் உடைஞ்சும் கதவை விடல
கோப்ளின் கூட்டம் கால் வைக்கல

பெரிய கவிதை இல்ல. ஆனா அவர் பண்ணதை அப்படியே சொல்லுது, க வரிசை மோனை வேற ஓடறதால வாய்ல சட்டுனு நிக்குது. தமிழ்ல பாடறவங்க வரிக் கடைசி ரைமுக்காக "வந்தானே போனானே"ன்னு இழுக்கறாங்க, அது தேவையே இல்ல, மோனை எதுகை போதும். ஸ்காண்டிநேவியாவோட பழைய நார்ஸ் கவிஞர்களான ஸ்கால்டுகளும் பழைய இங்கிலீஷ் பாட்டுக்காரங்களும் முதல் சத்தத்தை ஒத்துப்போக வச்சுத்தான் பாடினாங்க, கடலை "திமிங்கலப் பாதை"ன்னு சொல்ற மாதிரி பேருக்குப் பதிலா ரெண்டு சொல்லைக் கோத்து வச்சாங்க. அதை நீங்களும் பண்ணலாம், அந்த ஃபைட்டருக்கு அன்னிலேருந்து எங்க டேபிள்ல "கதவுப்பூட்டு"ன்னுதான் பேர்.

விஷியஸ் மாக்கரி, அதாவது எதிரியைக் கிண்டல் பண்ணியே அடிக்கற பார்டு மந்திரம், இன்னொரு பள்ளம். கேக்கறவனுக்கு விஸ்டம் சேவ் (தப்பிக்க ஒரு டைஸ் உருட்டல்), தோத்தா டேமேஜோட அடுத்த அட்டாக்குக்கு டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டு தடவை உருட்டி சின்ன எண்ணை எடுக்கணும்). அயர்லாந்துல பழைய கவிஞர்கள் வசை பாடினா முகத்துல கொப்புளம் வரும்னு நம்பினாங்க, சொல்லுக்கு அப்படி ஒரு பலம், அதை வச்சுக்கிட்டு உருவம், நிறம், சாதின்னு போறவங்களைப் பாத்திருக்கேன், எதிர்ல உக்காந்திருக்கற மனுஷனுக்கு நிஜமாவே வலிக்கும். சண்டையில கண்ணு முன்னாடி நடந்ததை எடுங்க. எதிர்ல நிக்கற ஓர்க் அரக்கன் இப்பத்தான் ஒரு அடி மிஸ் பண்ணானா, "உன் கோடாலிக்கே உன்னைப் பிடிக்கல, பாரு, வேற பக்கம் போகுது." போதும்.

கதை சொல்றதுல பெரிய தப்பு முடிவு வரைக்கும் சொல்லிடறது. சத்திரத்துல உக்காந்து பழைய ராஜா கதை ஒண்ணை ஆரம்பிச்சு அவன் எப்படி செத்தான், வாள் எங்க இருக்குன்னு எல்லாத்தையும் நீங்களே முடிச்சிட்டா ஆட்டத்தோட கதையை நடத்தற டிஎம்முக்கு அதுல கை வைக்க இடமே இல்ல, அவர் உலகத்தோட முட்டவும் செய்யும். முன்னாடியே அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, சொல்லும்போது ஒரு ஓட்டையும் விடுங்க: "வாள் யார் கைக்குப் போச்சுன்னு எங்க ஊர்ல ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமா சொல்லுவாங்க."

அந்த கேடயப் பாட்டை நான் ஒரு சத்திரத்துலயும் பாடினேன். நாலு செஷன் கழிச்சு நாங்க கால் வைக்காத ஒரு ஊர்ல ஒரு சின்னப் பையன் அதைத் தப்பா பாடிட்டு போறதா டிஎம் சொன்னார், கோப்ளின் இருந்த இடத்துல ட்ராகன் ஆயிருந்துச்சு. ஃபைட்டர் ஆடினவர் பேனாவை எடுத்து அந்தத் தப்பு வரியை அப்படியே தன் கேரக்டர் ஷீட் பின்னாடி எழுதிக்கிட்டார்.