பாய் என்றால் யார்? மகாதேவ் தேசாய் பற்றி எழுதப் போகிறவர்களுக்கு

"மகாதேவ் எப்போது இஸ்லாத்தைத் தழுவினார்?" என்று ஒரு வாசகர் எனக்குக் கடிதம் போட்டிருந்தார். பிழை என்னுடையது. காந்தியின் செயலாளராக இருந்த மகாதேவ் தேசாய் பற்றிய கட்டுரை முழுவதும் 'மகாதேவ் பாய்' என்று எழுதிவிட்டு, விளக்கம் தராமல் விட்டிருந்தேன். கொழும்பில் பாய் என்றால் புறக்கோட்டையின் போறா, மேமன் முஸ்லிம் முதலாளிமார்தாம் நினைவுக்கு வருவார்கள். குஜராத்தியில் அது சகோதரன் என்ற சொல். ஆண் பெயரோடு மரியாதைக்காக ஒட்டிக்கொள்ளும். பெண் பெயரோடு 'பென்'. ஆகவே பேனையை எடுக்குமுன் பெயரை முடிவு செய்யுங்கள். நான் இப்போது 'மகாதேவ்' என்றே எழுதுகிறேன்.

மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். எனக்கும் தெரியாது. நாலாம் குறுக்குத் தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு முதியவரிடம் மகாதேவின் குஜராத்தி எழுத்தில் ஒரு பக்கத்தைக் கொண்டுபோனேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இதற்குத் தலையில் கோடு இல்லை மாஸ்டர், அதுதான் இந்திக்கும் இதற்கும் வித்தியாசம்" என்று தொடங்கி, பிளேன்ரீ ஆறும்வரை வாசித்துக் காட்டினார். பொருளை அவர் சொன்னார். வாக்கியங்கள் எவ்வளவு குட்டையானவை என்பதை என் காது பிடித்துக்கொண்டது. அந்த ஒரு மணி நேரம் மூன்று ஆங்கில நூல்களுக்குச் சமம்.

அடுத்து, கெட்டி அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி. இடப்பக்கம் ஆண்டு, வலப்பக்கம் அந்த ஆண்டில் அவர் செய்த வேலை. புகழ்மொழி எதையும் கொப்பிக்குள் விடாதீர்கள். 1892 ஜனவரி 1, சூரத் பக்கத்துச் சரஸ் கிராமத்தில் பிறப்பு. தந்தை பள்ளி ஆசிரியர். சட்டப் படிப்பு, கூட்டுறவு வங்கியில் பரிசோதகர் வேலை. 1917 நவம்பரில் காந்தியிடம் சேர்கிறார். இதுவரை விரைவாகக் கடந்துவிடலாம்.

1921இல் நிறுத்துங்கள். அலகாபாத்தில் மோதிலால் நேருவின் 'இண்டிபெண்டன்ட்' பத்திரிகையை நடத்த அனுப்பப்படுகிறார். அரசு அச்சகத்தைப் பறித்துக்கொள்கிறது. மகாதேவ் பத்திரிகையைக் கையால் எழுதி, சைக்ளோஸ்டைல் செய்து வெளியிடுகிறார். அதற்கு ஓராண்டுச் சிறை. ரோனியோ என்ற அதே வகைப் படியெடுப்புப் பொறியில் பரீட்சைத் தாள் அடித்து விரலெல்லாம் மையாக்கிக்கொண்ட என்னைப் போன்ற பழைய ஆசிரியர்களுக்கு இந்த இடம் உடனே புரியும். இளையவர்களுக்கு நீங்கள்தான் காட்ட வேண்டும்: ஸ்டென்சில், உருளை, மை, ஒவ்வொரு தாளாக. இதற்கு ஒரு முழுப் பந்தி கொடுங்கள்.

'காந்தியின் செயலாளர்' என்று எழுதி முடித்துவிடுவதுதான் நம்மவர்களின் வழக்கம். எனக்கு அதில் கோபமே உண்டு. அவர் நாட்குறிப்பு 1917 நவம்பர் 13இல் தொடங்கி, இறப்பதற்கு முந்திய நாளான 1942 ஆகஸ்ட் 14 வரை போகிறது. இருபத்தைந்து ஆண்டு நாள் செய்தி! அந்த நாட்குறிப்புக்குத்தான் 1955இல் குஜராத்திக்கான சாகித்திய அகாதெமி விருது. 'நவஜீவன்' இதழில் காந்தி குஜராத்தியில் தொடராக எழுதிய சுயசரிதையை ஆங்கிலமாக்கியதும் இவரே. பர்தோலி விவசாயிகளின் 1928ஆம் ஆண்டுப் போராட்டத்தை நூலாக எழுதியதும் இவரே.

உள்ளூர்க் கதவு ஒன்றும் இருக்கிறது. 1927 நவம்பரில் காந்தி கதர் நிதிக்காக இலங்கை வந்தபோது மகாதேவும் கூட வந்தார். ஆனந்தாக் கல்லூரி, சாஹிராக் கல்லூரி, பிறகு யாழ்ப்பாணம் என்று அந்தப் பயணம் முழுவதையும் எழுதினார். 1928இல் அது சென்னையில் ஆங்கில நூலாக வந்தது. அக்காலத் தமிழ்ச் செய்திக்காக வீரகேசரியையோ தினகரனையோ தேடி நாளை வீணாக்காதீர்கள். ஒன்று 1930இல் தொடங்கியது, மற்றது 1932இல். கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் 1927ஆம் ஆண்டின் ஆங்கில நாளிதழ்களைக் கேளுங்கள். குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டுபோங்கள். ஒரே கூட்டத்தைக் கொழும்பு நிருபர் எப்படிப் பார்த்தார், மகாதேவ் எப்படிப் பார்த்தார் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்கள் கட்டுரைக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. காந்தி எழுவாயாக வரும் வாக்கியங்களைச் சிவப்புப் பேனையால் கோடிடுங்கள். என் முதல் பிரதியில் முப்பத்தொன்றில் இருபத்திரண்டு சிவந்திருந்தன. மகாதேவ் எங்கோ மூலையில் பை தூக்கிக்கொண்டு நின்றார். அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பி எழுதினேன். ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். 1942 ஆகஸ்ட் 15, புனே ஆகாகான் மாளிகைச் சிறை, கைதாகி ஆறாம் நாள்: மகாதேவின் உடலைக் காந்தி தம் கையால் குளிப்பாட்டினார்.