முதலில் முடித்துவிடும் பிள்ளைக்கு அடுத்து என்ன கொடுப்பது?

ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடவேளையில் ஆசிரியர் ஐந்து கணக்குகளைக் கரும்பலகையில் எழுதுகிறார். அவர் நான்காவதை எழுதி முடிப்பதற்குள் ஒரு மாணவி முதல் மூன்றுக்கும் விடை கண்டுவிடுகிறாள். ஐந்தையும் முடித்தபின் அவளைக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்வார்கள். இல்லையென்றால் அதே வகையில் இன்னும் பத்துக் கணக்குகளைக் கொடுப்பார்கள். அதுவும் இல்லையென்றால் பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதும் வேலையை ஒப்படைப்பார்கள். இம்மூன்றில் எதிலும் அவள் புதிதாக ஒன்றைக் கற்பதில்லை. மெல்லக் கற்போருக்கென்று தனிக் கையேடும் மாலை வகுப்பும் நடத்தும் பள்ளிகள்கூட, மீத்திறன் மிக்க மாணவர்கள் தாமே பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகின்றன.

அந்தப் பிள்ளைகளின் பள்ளிநாள் பெரும்பாலும் காத்திருப்பதிலேயே கழிகிறது. விடை தெரிந்திருந்தும், கையைத் தூக்கினால் "உன்னைத் தவிர வேற யாராவது சொல்லுங்க" என்ற பதில் வரும் என்பதால், சில மாதங்களில் கையைத் தூக்குவதையே நிறுத்திவிடுகிறார்கள். சிலர் சேட்டை செய்கிறார்கள். சிலர் மேசைக்கு அடியில் வேறு புத்தகம் படிக்கிறார்கள். சிலர், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், தோழிகளை இழக்காமலிருக்கத் தெரிந்ததையும் தெரியாததுபோல் காட்டிக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள். இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படும் இழப்பு வேறொன்று: தெரியாத ஒன்றின் முன்னால் நெடுநேரம் உட்கார்ந்து முயலும் பழக்கமே அவர்களுக்கு உருவாகாமல் போகிறது. ஆகவே இவர்களுக்கு நாம் தேடித் தரவேண்டியது அவர்களின் அளவுக்கு ஏற்ற சிரமம்.

முதலில், யாருக்கு அது தேவை என்பதை மதிப்பெண் பட்டியலை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அமெரிக்காவில் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921இல் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வு, நுண்ணறிவுத் தேர்வின் அடிப்படையில் கலிபோர்னியாவின் திறமைசாலிக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தது. பிற்காலத்தில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஷாக்லி, லூயிஸ் அல்வாரெஸ் இருவரும் அதில் தேர்வாகவில்லை. நம் ஊர் எடுத்துக்காட்டு அனைவரும் அறிந்ததே. கும்பகோணம் அரசுக் கல்லூரிக்கு உதவித்தொகையுடன் சென்ற இராமானுஜன், கணிதம் தவிர்த்த பாடங்களில் கவனம் செலுத்தாமல் அந்த உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. எனப்பட்ட அன்றைய கல்லூரி இடைநிலைத் தேர்வில் தேறவில்லை. ஒரு துறையில் வெகுதூரம் முன்னே நிற்கும் பிள்ளை மற்றொன்றில் சராசரியாகவோ அதற்கும் கீழாகவோ இருப்பது இயல்பு. முதல் மதிப்பெண் எடுப்பவரோடு, பாடத்தில் இல்லாத கேள்வியைக் கேட்பவரையும், கற்றுத்தந்த வழியை விட்டு வேறு வழியில் விடை காண்பவரையும் கவனியுங்கள்.

அடுத்து, கூடுதல் கணக்குகளுக்குப் பதிலாக ஆழமான ஒரு கணக்கைக் கொடுங்கள். அதற்குத் தனிப் புத்தகம்கூடத் தேவையில்லை. அடுத்தடுத்த மூன்று எண்களைக் கூட்டினால் விடை எப்போதும் 3ஆல் வகுபடுகிறதே, ஏன் என்று கேளுங்கள். நடு எண்ணின் மூன்று மடங்குதான் அந்தக் கூட்டுத்தொகை என்பதை அவள் விரைவில் கண்டுவிடுவாள். அடுத்தடுத்த நான்கு எண்களின் கூட்டுத்தொகை 4ஆல் வகுபடுமா என்று கேட்டால், ஒருபோதும் வகுபடாது என்று கண்டு சற்றுத் திகைப்பாள். ஐந்து எண்களுக்கு மீண்டும் வகுபடும், ஆறுக்கு வகுபடாது. இனி கேள்வியைத் திருப்புங்கள்: 15ஐ 7+8 என்றும், 4+5+6 என்றும், 1+2+3+4+5 என்றும் அடுத்தடுத்த இயல் எண்களின் கூட்டுத்தொகையாக எழுத முடிகிறது, அப்படி எந்த வகையிலும் எழுத முடியாத எண்கள் எவை? 1, 2, 4, 8, 16 என்று பட்டியல் நீளும்போது அதிலுள்ள ஒழுங்கு அவள் கண்ணில் படும். ஆனால் அது ஏன் என்று நிறுவுவதற்குச் சில நாட்கள் ஆகலாம். அந்த நாட்களில் விடையைச் சொல்லிவிடாமல் இருப்பதுதான் ஆசிரியரின் கடினமான பணி. "எதுவரை வந்திருக்கிறாய்?" என்று மட்டும் கேளுங்கள், தவறிய முயற்சிகளையும் ஒரு தனி நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

வகுப்பைத் தாண்டவைக்கலாமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. ஒரு முழு வகுப்பைத் தாண்டுவதைவிட, பிள்ளை தன் வகுப்பை மிஞ்சி நிற்கும் பாடத்துக்கு மட்டும் மேல்வகுப்புப் பாடவேளையில் உட்காரத் தலைமையாசிரியரிடம் அனுமதி பெறுவது நல்லது என்பது என் கருத்து. வயதொத்த நண்பர்களும் நீங்கமாட்டார்கள். அறிவுக்கு வேலையும் கிடைக்கும்.

வீட்டில் பாராட்டும் முறை மிகவும் முக்கியம். உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள், உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிட, தோல்விக்குப் பின் எளிதில் சோர்ந்தார்கள். அடுத்த கணக்குகளிலும் மோசமாகச் செய்தார்கள். விருந்தினர் வரும்போது "மாமாவுக்குப் பத்தொன்பதாம் வாய்ப்பாடு சொல்லிக் காட்டு" என்பதும், 98 வாங்கிவந்தால் "அந்த ரெண்டு மார்க் எங்கே போச்சு?" என்பதும், தவறே செய்யக்கூடாது என்ற அச்சத்தைத்தான் விதைக்கின்றன. எந்தக் கணக்கில் திணறினாய், எப்படி வெளியே வந்தாய் என்று கேளுங்கள்.

வெளித் தேர்வுகளைப் பொறுத்தவரை, எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதித் தேர்வின் வழியே தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இதைத் தவறவிடக்கூடாது. பணத்தைவிட நல்ல கணக்குகளைத் தேடுவோருக்குச் சென்னையிலுள்ள இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் திறன் போட்டியும், மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் பொறுப்பில் நடக்கும் கணித ஒலிம்பியாடும் இருக்கின்றன. அங்கே தன்னைப் போன்ற இன்னும் சிலரைச் சந்திப்பதே பல பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல்.

இவையெல்லாம் பதினொன்றாம் வகுப்புக்கு முன்பே தொடங்கவேண்டும். அதுவரை ஒருமுறை படித்தாலே எல்லாம் புரிந்துவிட்ட மாணவர், நுண்கணிதமும் இயற்பியலும் ஒருசேர வந்து நிற்கும்போது முதன்முறையாகத் திணறி, அதை யாரிடமும் சொல்ல வெட்கப்படுவார். முதல் இடைப்பருவத் தேர்வில் மதிப்பெண் சரிந்தால் உடனே இன்னொரு டியூஷனில் சேர்த்துவிடாதீர்கள். விடைத்தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். எந்த வரியில் வழி தவறியது என்பதை அவரே கண்டுபிடித்துச் சொல்லும்வரை பொறுத்திருந்து, அந்த வரியிலிருந்து அந்தக் கணக்கை மீண்டும் போடச் சொல்லுங்கள்.