சிமெண்டை உரித்துச் சுண்ணாம்பு பூசுதல்: பழைய வீட்டின் ஓதச் சுவருக்கு

காங்கேயம், பெருந்துறை, பொள்ளாச்சிப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் ஒரே தொல்லைதான். ஆசாரத்துச் சுவர், அதாவது கூடத்துச் சுவர், தரையிலிருந்து 3, 4 அடி வரை ஓதம் ஏறி, பெயிண்ட் உப்பி, வெள்ளையாக உப்புப் பூத்து உதிரும். கொத்திவிட்டு மறுபடி சிமெண்ட் பூசுவார்கள். இரண்டு மழை தாண்டினால் அதே சுவர், இன்னும் அரை அடி மேலே.

அந்தச் சுவர்களின் செங்கல்லையும் கல்லையும் பிடித்து வைத்திருப்பது செம்மண் சேறு அல்லது சுண்ணாம்புச் சாந்து. நிலத்து ஈரம் அதில் ஏறத்தான் செய்யும். மேலே சுண்ணாம்புக் காரை இருந்தவரை ஏறிய ஈரம் காரை வழியே காற்றில் போனது. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட, ஈரம் மேலே தேடிப் போகிறது. இடுப்பளவுக்கு டைல்ஸ் ஒட்டினாலும் இதே கதிதான், ஓதம் டைல்ஸுக்கு மேலே போய் வெடிக்கும். ஆகவே சிமெண்டை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுவதுதான் வழி. புதிதாகக் கற்பவரும் செய்யலாம், பொறுமை மட்டும் வேண்டும்.

முதலில் சுவர் எதனால் ஆனது என்று பாருங்கள். உதிர்ந்த இடத்தில், இரு கற்களுக்கு நடுவிலிருந்து கொட்டைப்பாக்கு அளவு ஒரு கட்டியை எடுத்து டம்ளர் தண்ணீரில் போடுங்கள். அரை மணி நேரத்தில் கரைந்து சேறானால் மண். கரையாமல், சாவியால் கீறினால் வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் கீறலே விழாமல் இருந்தால் சிமெண்ட். மண் சுவர் என்றால் பின்னால் தண்ணீர் தெளிப்பதில் கை அடக்கம் வேண்டும். விட்டம் சுவருக்குள் நுழையும் முனையையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். அரை அங்குலம் மெத்தென்று இறங்கினால் அங்கேயே நிறுத்தி, தச்சரைக் கூப்பிட்டுவிட்டுத்தான் சுவரில் கை வைக்க வேண்டும்.

அடுத்த வேலை வீட்டுக்கு வெளியே. இதை விட்டுவிட்டு உள்ளே பூசினால் பணம்தான் வீண். தெரு மேல் தெருவாகத் தார் போட்டு, வாசல் உயர்ந்து, வீட்டுத் தரை தாழ்ந்துபோயிருக்கும். பின்னால் பொடக்காணிப் பக்கமோ மண் குவிந்திருக்கும். வெளி மண் உள் தரையைவிட 6 அங்குலமாவது தாழ்வாக இருக்கும்படி வெட்டி எடுங்கள். சுவரை ஒட்டி 1 அடி அகலத்துக்குக் காரையோ சிமெண்டோ போடாமல் 20 மி.மீ. ஜல்லி கொட்டினால், எறவாரத்துத் தண்ணீர் சுவரில் தெறிக்காது. ஆனால் பழைய அஸ்திவாரம் ஆழமாக இருக்காது, அதன் அடிக்குக் கீழே மண்வெட்டி போகவே கூடாது.

கொத்தத் தொடங்குமுன் மெயின் சுவிட்சை அணையுங்கள், பழைய ஒயர்கள் பூச்சுக்குள் ஓடலாம். உளிப் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனால் 'டொம்' என்று கேட்கிற இடம் கழன்ற இடம், அங்கிருந்து ஆரம்பியுங்கள். சின்னச் சுத்தியலும் தட்டை உளியும் போதும். பிரேக்கர் மெஷின் வேண்டாம், அதன் அதிர்வில் மண் சாந்து இளகிச் செங்கல் ஆடிவிடும். ஓதக் கோட்டுக்கு மேலே 1 அடி வரை உரியுங்கள். கல் சந்துகளை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டுங்கள். தெரியும் உப்பைக் காய்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பப் போகும்.

எப்போது செய்வது என்பதில் கொங்கு நாட்டுக்கென்று ஒரு கணக்கு உண்டு. மாசியில் உரித்தால், சித்திரை வெயிலும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்றும் சுவரைக் காய வைத்துவிடும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு. கனத்த சுவர் முழுசாகக் காயாது, ஓதம் நன்றாகக் குறைந்தால் போதும். அதே ஆடிக்காற்றில் பூசினால் சாந்து கெட்டிப்படும் முன் காய்ந்துவிடும். ஆவணிக் கடைசியில் காற்று தணிந்த பின் பூசத் தொடங்கி, ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள்.

10க்கு 12 அறையில் 5 அடி உயரம் வரை பூச, கதவு ஜன்னல் கழித்து ஏறக்குறைய 200 சதுர அடி வரும். 20 மி.மீ. கனமும் மேடுபள்ளமும் சேர்த்து, கல் சுண்ணாம்பு 90 கிலோ, மணல் 13 கன அடி, சலித்த செங்கல்தூள் 7 கன அடி வாங்கிக்கொள்ளுங்கள். செங்கல்தூள் நாட்டுச் சூளையில் மிதமாக வெந்த கல்லை இடித்ததாக இருக்க வேண்டும். ரொம்ப வெந்த கருங்கட்டித் தூள் சுண்ணாம்போடு சேராது. மணலுக்குக் கண்ணாடிப் பாட்டில் சோதனை செய்யுங்கள். பாதி மணல், மேலே தண்ணீர் விட்டுக் குலுக்கி 3 மணி நேரம் வையுங்கள். மேலே படியும் வண்டல், மணலின் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் கழுவாமல் பயன்படுத்தாதீர்கள். கல்லை அரைத்துச் செய்யும் பி-சாண்டில் இப்படிப் படியும் கல்மாவுதான் வெடிப்புக்குக் காரணம்.

சுண்ணாம்பை ஆனியிலேயே தாளித்து, அதாவது தண்ணீரில் போட்டு நீற்றி, வைத்துவிடுங்கள். இரும்பு டிரம்மில் 35 லிட்டர் தண்ணீர் ஊற்றி, அதில் 10 கிலோ கல் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். கொதிக்கிற சூட்டில் பிளாஸ்டிக் டிரம் உருகி நெளியும். கண்ணாடி, ரப்பர் கையுறை இல்லாமல் கிட்டே போகாதீர்கள், குழந்தைகளை விடாதீர்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவிக்கொண்டே இருந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆறிய பின் கொசுவலையில் வடிகட்டி, மேலே 2 அங்குலம் தண்ணீர் நிற்க மூடி வையுங்கள். 2 வாரம் கட்டாயம், 2 மாதம் இருந்தால் வெண்ணெய் போல வரும். வடிகட்டாமல் விட்டால் வேகாத துண்டு பூச்சுக்குள் பின்னால் பொரிந்து, சின்னச் சின்னக் குழியாகத் தெறிக்கும்.

தாளிக்கவும் கலக்கவும் நல்ல தண்ணீர்தான். சிறுவாணியோ பவானியோ, குழாயில் வரும் குடிநீர் போதும். போர் தண்ணீர் உப்புத் தண்ணீராக இருந்தால் நீங்களே சுவருக்குள் உப்பை ஊட்டுகிறீர்கள்.

சாந்து: 1 சட்டி சுண்ணாம்பு, 2 சட்டி மணல், 1 சட்டி செங்கல்தூள். தண்ணீரே விடாமல் முதலில் மிதித்துப் பிசையுங்கள், சுண்ணாம்பிலுள்ள ஈரமே பெரும்பாலும் போதும். கொத்துக்கரண்டியைத் தலைகீழாகப் பிடித்தால் விழாமல் ஒட்டி நிற்கிற பதம். தண்ணீர் கூடினால் காய்கையில் சுருங்கி வலை வலையாக வெடிக்கும். கடுக்காய் ஊறல், கருப்பட்டிக் கரைசல் சேர்ப்பது பழைய வழக்கம்தான், ஆனால் கைப்பழக்கம் வரும்வரை அவை இல்லாமலே பூசுங்கள்.

முந்தின நாள் சாயங்காலம் சுவரை நனையுங்கள், பூசுவதற்கு 1 மணி முன் மறுபடியும். மினுமினுப்பு போய் ஈரம் மட்டும் நிற்க வேண்டும். காய்ந்த சுவர் சாந்தின் நீரை உறிஞ்ச, பூச்சு பாளமாகக் கழன்று விழும். மண் சுவருக்குக் கைத்தெளிப்பு மட்டும். பெரிய பள்ளங்களை ஓட்டுச்சில்லு வைத்துச் சாந்தால் அடைத்து 3 நாள் விடுங்கள். பிறகு கரண்டியால் ஓங்கி வீசி அடித்து முதல் பூச்சு, 12 மி.மீ. மட்டப்பலகை இழுத்து, ஆணியால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டு, நகத்தால் அழுத்தினால் லேசாக மட்டும் பதியும்வரை, 7 முதல் 10 நாள் காத்திருங்கள். இரண்டாம் பூச்சு 8 மி.மீ. அன்று சாயங்காலமும் மறுநாளும் மணியாசுக் கட்டையால் (பூச்சைத் தேய்க்கும் மரக்கட்டை) வட்டமாக அழுத்தித் தேயுங்கள். வெடிப்பு மூடுவது இந்தத் தேய்ப்பில்தான், சோம்பினால் அந்த வாய்ப்பு திரும்பி வராது. பூச்சின் அடி தரையைத் தொடாமல் 1 அங்குலம் மேலேயே நிற்கட்டும்.

சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈரத்தின் துணையோடு வாங்கி மெதுவாகக் கல்லாகிறது. அதனால் 10 நாள் ஜன்னல்களில் நனைத்த சாக்கு தொங்கவிட்டு, காலை மாலை தூவல் பம்பால் புகைபோல நீர் தெளியுங்கள். ஊற்றிக் கழுவக் கூடாது. கையால் தடவினால் மாவாக ஒட்டும் பூச்சு, சீக்கிரம் காய்ந்துபோன பூச்சு.

ஒரு மாதம் கழித்துச் சுண்ணாம்பைப் பால்போலக் கரைத்து, சுவரை லேசாக நனைத்து, நாளுக்கு ஒன்றாக 4 மெல்லிய கோட் அடியுங்கள். வேறு நிறம் வேண்டுமானால் காவியோ ரெட் ஆக்சைடோ கலக்கலாம். வால் புட்டி, எமல்ஷன், சுண்ணாம்பில் பசை கலப்பது எதுவும் கூடாது. திறந்த வழியை மறுபடி அடைப்பது அது.

முதல் வருடம் உப்பு கொஞ்சம் பூக்கும், சுவருக்குள் தங்கியது வெளியேறுகிறது. காய்ந்த பிரஷால் தட்டிவிட்டு, பொங்கல் காப்புக்கட்டுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கையில் அந்தச் சுவருக்கு மட்டும் ஒரு கோட் கூடுதலாக அடித்துவிடுங்கள்.